திறப்பு விழாக் கணினிகளும் வன்னியின் ஒன்லைன் வியாபாரமும்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ ஏதாவதொரு மண்டபத்தில் ‘இணையத்தின் ஊடாக உழைப்போம்’ என்ற பொருளில் கருத்தரங்குகள் அடிக்கடி நடக்கின்றன. மங்கல விளக்கு ஏற்றப்படும். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை எல்லாம் முடிய நண்பகல் தாண்டிவிடும். பேஸ்புக்கில் பக்கம் திறப்பது எப்படி, ஒடியல் மாவையும் கருவாட்டையும் அழகாகப் படம்பிடிப்பது எப்படி, கனடாவில் இருப்பவருக்கு விற்பது எப்படி என்பன பிற்பகலில் சொல்லிக்கொடுக்கப்படும். ஈற்றில் பயனாளிகளுக்குக் கணினி வழங்கும் நிகழ்வு. ஒவ்வொரு கணினியிலும் நன்கொடையாளரின் பெயர் பொறித்த ஒட்டி. அதைத் தொட்டபடி நின்று எடுக்கும் ஒளிப்படம் மறுநாள் பத்திரிகையில் வரும். அந்த ஒளிப்படங்களுக்குக் குறிப்பு எழுதியவர்களில் நானும் ஒருவன்.

அவ்வாறு சென்ற இடங்களில், இந்தக் கணினி பழுதடைந்தால் யார் திருத்துவது, எந்தப் பணத்தில் திருத்துவது, அதற்குள்ளிருக்கும் வேலை அழிந்தால் எங்கிருந்து மீட்பது என்று ஒருவராவது பேசி நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதையல்லவா செய்தியாக்கியிருப்பேன்.

இதனை மறதி என்று சிலர் சொல்வர். நான் அப்படி எண்ணவில்லை. திறப்பு விழாவுக்கு நாடா உண்டு, கத்தரிக்கோல் உண்டு, பிரதம விருந்தினர் உண்டு. தூசி தட்டுவதற்குப் பிரதம விருந்தினரை அழைக்க முடியாது. திட்ட அறிக்கையில் ‘வழங்கப்பட்ட கணினிகள்’ என்று ஒரு நிரல் இருக்கிறது. ‘இரண்டு வருடத்தின் பின்னரும் இயங்கும் கணினிகள்’ என்று ஒரு நிரலை நான் கண்டதில்லை. நிரல் இல்லாத விடயத்துக்குப் பணமும் ஒதுக்கப்படுவதில்லை. இவ்வளவுதான் இதன் சூட்சுமம்.

புதுக்குடியிருப்புப் பக்கத்தில் ஓர் இளம் பெண். பெயர் வேண்டாம். கணவர் இல்லை, சிறு குழந்தை உண்டு. மேற்சொன்ன மாதிரியான ஒரு பயிற்சியில் கணினி பெற்று, புலம்பெயர் நாடுகளில் நடக்கும் கல்யாணங்களுக்கு அல்பம் வடிவமைத்துக் கொடுக்கும் தொழிலைச் செய்துவந்தார். அங்கிருந்து படங்கள் இணையத்தில் வரும். இவர் தெரிந்து, வெட்டி, நிறம் திருத்தி, பக்கங்களாக அடுக்கி அனுப்புவார். நல்ல கை. வேலை தேடி வந்தது. ஒருநாள் மின்சாரம் போய் வந்ததும் கணினி எழும்பவில்லை. வன்தட்டு செத்துவிட்டது. இரண்டு கல்யாணங்களின் முடிந்த வேலை அதனுள் இருந்தது. ஒரு கல்யாணத்தின் மூலப் படங்களை அனுப்பியவர் தம்மிடம் வைத்திருந்தார். மற்றையவர் தமது கமராவின் அட்டையை அடுத்த விழாவுக்காக அழித்துவிட்டார்.

நான் போய்ப் பார்த்தபோது மேசைக்குக் கீழே யூ.பி.எஸ். இருந்தது. “அது ஒரு மாதமாகக் கீச் கீச் என்று கத்தினது ஐயா. பிள்ளை நித்திரை குழம்புது என்று சத்தத்தை நிப்பாட்டி வைச்சனான்” என்றார். “அது ஏன் கத்துது என்று உமக்கு ஆரும் சொல்லித் தரேல்லையா பிள்ளை?” என்று கேட்டேன். பயிற்சிக் கையேட்டை எடுத்துக் காட்டினார். வழவழப்பான தாளில் அச்சான புத்தகம். விளம்பரம் செய்வதற்கு ஓர் அத்தியாயம், வாடிக்கையாளரிடம் பேசும் முறைக்கு ஓர் அத்தியாயம், வெற்றி பெற்றோரின் கதைகளுக்கு ஓர் அத்தியாயம். யூ.பி.எஸ்ஸின் பற்றரி சாகும்போதுதான் அந்தச் சத்தம் வரும் என்று சொல்ல அதில் ஒரு வரி இருக்கவில்லை.

குற்றம் யாருடையது? அந்தப் பெண்ணுடையது என்று சொல்பவருக்கு என்னிடம் மறுமொழி இல்லை, கோபம்தான் உண்டு. கடையொன்றைக் கட்டிக் கொடுத்து, அதற்குக் கதவும் பூட்டும் இல்லை என்பதை மறைத்து, ‘வியாபாரம் செய்’ என்று கையில் திறப்பைக் கொடுப்பது எவ்வகையான உதவி?

பராமரிப்பு என்பது நமது மக்களுக்குத் தெரியாத கலையென்று யாரும் சொல்லிவிடக்கூடாது. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடை, 2002 இன் தொடக்கத்தில் தளர்த்தப்படும் வரை வன்னியில் இருந்தது. பற்றரி, எரிபொருள், உதிரிப்பாகம் ஆகிய எல்லாமே தடைப்பட்ட பொருட்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். கார்பரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. யாழ்ப்பாணத்தில் ‘உதயன்’ அப்பியாசக் கொப்பியின் கோடிட்ட தாளில்கூட அச்சாகி வெளிவந்தது. நீரிறைக்கும் இயந்திரத்தின் தேய்ந்த பாகத்தைக் கடைந்தெடுத்துப் பொருத்திய கைகள் ஊருக்கு ஊர் இருந்தன. அந்த நாட்களை நான் புகழவில்லை. அவை திரும்பி வரவும் வேண்டாம். ஆனால், ஒரு பொருள் பழுதானால் இன்னொன்று வராது என்று தெரிந்தவன் அதை எப்படி வைத்திருப்பான் என்பதை அந்நாட்கள் இந்த மண்ணுக்குக் கற்பித்தன. அச்சகங்களில் வேலை முடிந்ததும் உருளைகளைக் கழுவித் துடைக்காமல் வீட்டுக்குப் புறப்பட்ட இயந்திர இயக்குநரை நான் கண்டதேயில்லை. அவருக்குச் சம்பளம் சொற்பம். மறுநாள் பத்திரிகை வரவேண்டும் என்ற ஒன்றே காரணம்.

காலபோகத்துக்கு முன்னர் வாய்க்கால் துப்புரவாக்காத கமக்காரனை ஊரார் எப்படிப் பேசுவார்கள் என்பது இரணைமடுவின் கீழ் வயல் செய்பவர்களுக்குத் தெரியும். லான்ட்மாஸ்டருக்கு எண்ணெய் மாற்றாமல் ஒருவர் உழவுக்குப் போகமாட்டார். அதே வீட்டில் மகன் கணினியில் தொழில் செய்கிறான். வாங்கிய நாள் முதல் அதன் பெட்டி திறக்கப்படவில்லை. ஏன் இந்த வேறுபாடு? உழவு இயந்திரம் தன் உழைப்பில் வந்தது. கணினி மேடையிலிருந்து வந்தது. மேடையிலிருந்து வந்த பொருள் பழுதானால் இன்னொரு மேடை வரும் என்ற எண்ணத்தை 2009 இற்குப் பின்னரான உதவிப் பண்பாடு நமக்குள் விதைத்திருக்கிறது. மேடைகள் இப்போது குறைந்துவருகின்றன என்பதையும் சொல்லவேண்டும்.

வன்னியில் கணினியைக் கெடுக்கும் சக்திகளைக் கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருந்து பாடத்திட்டம் எழுதுபவர்களால் கற்பனை செய்ய முடிவதில்லை. முதலாவது மின்சாரம். பல தசாப்தங்களாக மின்கம்பி இல்லாதிருந்த பிரதேசத்துக்குப் போரின் பின்னர் தேசிய மின்கட்டமைப்பு வந்தது, மகிழ்ச்சி. அந்தக் கட்டமைப்பின் இலட்சணமோ வேறு. 2020 ஓகஸ்ட் 17, 2021 டிசம்பர் 3, 2023 டிசம்பர் 9 என்று நாடு முழுவதும் இருண்ட நாட்கள் பல. 2022 மார்ச் 31 இல் ஒரு நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் முழு இலங்கையும் இருளில் மூழ்கியதாக அமைச்சரே சொன்னார். பாணந்துறையில் குரங்கு பாய்ந்தால் பரந்தனில் கணினி அணையும். இத்தனை அனுமார்கள் உலவும் நாட்டில் யூ.பி.எஸ். ஆடம்பரம் என்று எப்படிச் சொல்வது?

மின்சாரம் போவதிலும் பார்க்க அது திரும்பி வரும் விதமே ஆபத்தானது. அழுத்தம் கூடிக் குறைந்து, ஒரு தடவை வந்து போய், மறுபடி வரும். கிராமத்து நீண்ட கம்பியின் கடைக்கோடியில் இருப்பவருக்கு இது அன்றாட அனுபவம். ஒக்டோபர், நவம்பரிலும் மார்ச், ஏப்ரலிலும் பிற்பகல் இடிமின்னல் சேர்ந்துகொள்ளும். மழை இருட்டினால் செருகியைக் கழற்றிவிடவேண்டும். ஆளியை அணைத்தால் மட்டும் போதாது. இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

யூ.பி.எஸ்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் மூடப்பட்ட ஈய-அமிலப் பற்றரி. அதன் ஆயுள் 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையை வைத்துக் கணிக்கப்படுவது. ஏறத்தாழ 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகும். வவுனியாவின் தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் அது என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். நான்கைந்து வருடம் உழைக்கும் என்று கடைக்காரர் சொல்வது, இங்கே இரண்டு வருடத்தில் முடிந்துவிடும். அதன் பின் அந்தப் பெட்டி வெறும் நீட்டிப்புச் செருகிதான். பற்றரியை மட்டும் மாற்றலாம், முழுப் பெட்டியையும் வீசவேண்டியதில்லை என்பதே பலருக்குத் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வேலையைச் சேமித்துவிட்டு, யூ.பி.எஸ்ஸின் செருகியைச் சுவரிலிருந்து இழுத்து, எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று மணிக்கூட்டைப் பார்த்தால் பற்றரியின் நிலை தெரிந்துவிடும்.

அடுத்தது புழுதி. நமது செம்மண் புழுதி கணினியின் விசிறியிலும் வெப்பம் கடத்தும் உலோகத் தகடுகளிலும் கம்பளி போலப் படியும். காற்றோட்டம் அடைபட, செயலி சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ‘கொம்பியூட்டர் சிலோவாகிப் போச்சு’ என்று கடைக்குக் கொண்டுபோனால் புதிய ஒன்று வாங்கச் சொல்வார்கள். பெரும்பாலும் தேவைப்படுவது ஒரு மெல்லிய தூரிகையும் அரைமணி நேரமும்தான். வேறு சிலர் ரயருக்குக் காற்றடிக்கும் கடைக்கு எடுத்துச் சென்று அந்தக் காற்றாலே ஊதுகிறார்கள். அந்தத் தாங்கியில் நீர் தேங்கியிருக்கும். காற்றோடு ஈரமும் உள்ளே போகும். விசிறியை விரலால் பிடிக்காமல் ஊதினால் அது கட்டுக்கடங்காமல் சுழன்று பழுதாகும். மடிக்கணினியை மெத்தையில் வைத்து வேலை செய்வோர் அதன் மூச்சுத் துவாரத்தைத் தாமே பொத்துகிறார்கள். எறும்பும் பல்லியும் பற்றி எழுதினால் சிரிப்பார்கள். மின்வழங்கிக்குள் குளிருக்கு ஒதுங்கிய பல்லி கருகிச் செத்து, அதனுடன் கணினியும் செத்ததைக் கண்டவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

இவையெல்லாம் வெளியே தெரியும் அழுக்கு. உள்ளே தெரியாத அழுக்கு இன்னொன்று.

நமது பிரதேசத்துக் கணினிகளில் கணிசமானவற்றில் ஓடுவது திருட்டு விண்டோஸ். கடைக்காரர் கள்ளத் திறப்புப் போட்டுக் கொடுத்துவிட்டு, அது பிடிபடாமலிருக்க, மென்பொருள் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் வழியையும் அடைத்துவிடுவார். கள்ளத் திறப்பைப் போடுவதற்காக வைரஸ் காவலை முதலில் நிறுத்தச் சொல்வார்கள் என்பதிலிருந்தே விடயத்தை விளங்கிக்கொள்ளலாம். காவற்காரனை அனுப்பிவிட்டுத்தான் கள்ளன் வருவான். அதே கணினியில்தான் வங்கிக் கணக்கும் வாடிக்கையாளரின் முகவரியும் பேஸ்புக் பக்கத்தின் கடவுச்சொல்லும் இருக்கின்றன.

2017 மே 12 இல் ‘வொன்னகிரை’ என்ற பணயத் தீநிரல் ஏறத்தாழ 150 நாடுகளின் கணினிகளைப் பூட்டியது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் 236 நிர்வாக அமைப்புகளுள் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன. நோயாளரைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஓட்டையை அடைக்கும் இணைப்பை மைக்ரோசொப்ட் அதே ஆண்டு மார்ச் 14 இலேயே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத அவகாசம். இலவசம். புதுப்பித்தவர் தப்பினார். ‘அப்டேற் பண்ணினால் டேற்றா முடிந்துவிடும்’ என்று அந்த வசதியை அணைத்து வைக்கும் நண்பர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன். இரவில் டேற்றா மலிவாகக் கிடைக்கும் பொதியில் அதைச் செய்துகொள்ளலாம்.

விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஐ முறைப்படி ஏற்ற, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும். 2017 இற்கு முந்திய இன்டெல் செயலிகளை அது ஏற்பதில்லை. இதன் விளைவு என்ன? மேலைநாட்டு அலுவலகங்கள் தமது பழைய கணினிகளைக் கழிக்கின்றன. கழித்தவற்றுள் ஒரு பகுதி, ‘தாயக உறவுகளுக்கு உதவி’ என்ற பெயரில் கப்பலேறுகிறது. அனுப்பும் அன்பர்களின் மனதை நான் குறை சொல்லவில்லை. அனுப்புமுன் அந்தக் கணினியில் எது ஓடும், எத்தனை வருடம் ஓடும் என்று கேளுங்கள். விண்டோஸ் 11 ஓடாதென்றால் உபுண்டு போன்ற லினக்ஸ் ஒன்றைப் போட்டு, அதிலே லிப்ரே ஆபிஸும் தமிழ் தட்டச்சும் சரிபார்த்து அனுப்புங்கள். அதற்குப் பணமில்லை; அரைநாள் உழைப்பு. அதையும் செய்ய மனமில்லையென்றால் உங்கள் நாட்டுக் குப்பையை எங்கள் நாட்டுக்கு ஏற்றும் கப்பற்கூலி மட்டும்தான் உங்கள் உதவி.

இனி, எல்லாவற்றிலும் பெரிய குற்றத்துக்கு வருகிறேன். பிரதி எடுத்து வைக்காமை.

இதில் நமது கிராமத்துப் பிள்ளைகளை மட்டும் பேசி என்ன பயன்? 2023 ஓகஸ்ட் 26 இல் இலங்கை அரசின் மேகக் கணிமை மீது தீநிரல் தாக்குதல் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரச மின்னஞ்சலைப் பயன்படுத்திய ஏறத்தாழ 5000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 இலிருந்து ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயே போய்விட்டன. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட அரச கடிதப் போக்குவரத்து! தாக்குதலிலே காப்புப் பிரதிகளும் சேர்ந்து பூட்டுப்பட்டன. அந்தக் காலப்பகுதிக்கு வேறெங்கும் தனியே பிரதி இருக்கவில்லை. அங்கு ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவு அவ்வாண்டு ஏப்ரலில் முடிந்திருந்தது. புதுப்பிக்க நினைத்திருந்தார்கள், நிதிப் பற்றாக்குறையால் தாமதமாயிற்று என்று விளக்கம் சொல்லப்பட்டது. திறப்பு விழாக்களுக்கு நிதிப் பற்றாக்குறை ஏற்பட்டதாக நான் எங்கும் வாசிக்கவில்லை.

பணக்கார நாடுகள் மட்டும் திறமா என்றால் அதுவுமில்லை. 2025 செப்டெம்பர் 26 இல் தென்கொரியாவின் டேஜோன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் யூ.பி.எஸ். பற்றரிகள் தீப்பற்றின. உத்தரவாதக் காலமான 10 வருடத்தைத் தாண்டிய பற்றரிகள். 709 அரச கணினிச் சேவைகள் நின்றுபோயின. அரச ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவைத்த ‘ஜி-டிரைவ்’ முழுமையாக எரிந்தது. 858 டெராபைட். அது மிகப் பெரியது என்பதனால் வேறிடத்தில் பிரதி எடுக்கவில்லையாம். புதுக்குடியிருப்பின் ஒற்றை மேசையிலும் டேஜோனின் தரவு நிலையத்திலும் நடந்தது ஒரே கதை: கிழட்டுப் பற்றரி, இல்லாத பிரதி. தென்கொரிய அரசுக்கு வரிப்பணம் இருக்கிறது. எங்கள் பிள்ளைக்கு என்ன இருக்கிறது?

பீற்றர் குரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய ஒரு விதி உண்டு. மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறிடத்தில். படத்தொழில் செய்த ஒருவரிடமிருந்து வந்த விதி ஆதலால் நமது அல்பத் தொழிலாளருக்கு அது கனகச்சிதமாகப் பொருந்தும். வேலை செய்யும் கணினியில் ஒன்று. வெளி வன்தட்டு ஒன்றில் இன்னொன்று. பிரதி எடுத்ததும் அதைக் கழற்றி வைக்கவேண்டும், கொழுவியபடியே விட்டால் மின்னலும் வைரஸும் இரண்டையும் சேர்த்தே எடுக்கும். மூன்றாவது, இணையத்திலோ அயலூரில் இருக்கும் சகோதரி வீட்டிலோ. வேறிடம் ஏன் என்று கேட்பவர்கள் 2018 டிசம்பர் 21, 22 ஆம் திகதிகளைக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்களிடம் கேளுங்கள். ஓரிரவில் வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் வன்னி தப்பவில்லை. வெள்ளத்தில் கணினியும் அதன் பக்கத்தில் வைத்த வன்தட்டும் ஒன்றாகத்தான் மிதக்கும்.

எடுத்த பிரதி திறக்கிறதா என்று மாதத்துக்கு ஒரு தடவை திறந்து பார்க்கவும் வேண்டும். திறந்து பார்க்காத பிரதியை நம்பிப் பழைய கோப்பை அழிப்பவர், அறுவடைக்கு முன்னரே கடன் வாங்கிக் கல்யாணம் செய்பவரைப் போன்றவர்.

‘கூகிளில் எல்லாம் இருக்கிறதே’ என்பார்கள். கூகிள் இலவசமாகத் தருவது 15 ஜி.பி. ஒரு கல்யாணத்தின் மூலப் படங்களுக்கே அது காணாது. அத்துடன், கணினியோடு ஒத்திசைந்து இயங்கும் சேமிப்பில், கணினியில் கோப்பு அழிந்தால் அங்கும் அழியும். இங்கே பூட்டுப்பட்டால் அங்கும் பூட்டுப்பட்ட கோப்பே போய்ச் சேரும். முன்னைய வடிவத்தை மீட்க வழியுண்டு, ஆனால் அதற்குக் காலக்கெடுவும் உண்டு. இதைத் தெரிந்து பயன்படுத்தினால் நல்லது. தெரியாமல் நம்பியிருந்தால் பயனில்லை.

‘இப்போது எல்லாம் கைத்தொலைபேசியிலேயே நடக்கிறது, கணினி யாருக்கு வேண்டும்’ என்று இன்னொரு வாதம். கருவாட்டுக்குக் கட்டளை எடுக்கத் தொலைபேசி போதும். கணக்கு, பொருளிருப்பு, முகவரிப் பட்டியல், வடிவமைப்பு என்று தொழில் வளர்ந்தால் போதாது. தவிர, தொலைபேசியும் கணினிதான். கிணற்றுக்குள் விழக்கூடிய கணினி.

ஏழைகளால் இதையெல்லாம் செய்ய முடியுமா என்ற கேள்விதான் நேர்மையானது. அதைக் கேட்பவர்களுடன் எனக்குச் சண்டையில்லை. செருகியைக் கழற்றுவது, தூசி தட்டுவது, புதுப்பிப்பது, கடவுச்சொல்லோடு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் போடுவது, பிரதியைத் திறந்து பார்ப்பது என்பவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. பற்றரிக்கும் வன்தட்டுக்கும் பணம் வேண்டும். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது, இறக்குமதியாகும் ஒவ்வொரு உதிரிப்பாகமும் எட்டாத உயரத்துக்குப் போனது. அதன் பின் பழைய விலைக்கு இறங்கவில்லை. ஆகவே இந்தச் செலவைத் தொழிலின் செலவாக முதல் நாளிலிருந்தே எண்ணவேண்டும். ஒரு கட்டளைக்கு 100 ரூபா ஒரு பேணியில் போடட்டும். விலை சொல்லும்போதே அந்த 100 ரூபாவைச் சேர்த்துச் சொல்லட்டும். ரொறன்ரோவில் கல்யாணம் செய்பவர் அதைக் கொடுக்கமாட்டாரா? கேட்கச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதுதான் எனது முறைப்பாடு. பயிற்சிகளில் ‘குறைந்த விலையில் கொடுத்து வாடிக்கையாளரைப் பிடியுங்கள்’ என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். பராமரிப்பைக் கழித்துவிட்டுப் போடும் குறைந்த விலை, தன் முதலையே தின்னும் விலை.

இதிலே பணத்தைத் தாண்டிய ஒன்றும் இருக்கிறது. வன்னிக் குடும்பங்கள் பலவற்றில் 2009 இற்கு முந்திய ஒளிப்படம் ஒன்றுகூட இல்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, முள்ளிவாய்க்கால் வரை நடந்து, கடைசியில் உயிரை மட்டும் கொண்டு வெளியேறியவர்கள் கல்யாண அல்பத்தையா தூக்கிவந்தார்கள்? தாயின் முகத்தைப் பிள்ளைக்குக் காட்ட அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து மாட்டியிருக்கும் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். படம் தொலைவது என்றால் என்னவென்று இந்த மண்ணுக்கு எவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அப்படிப்பட்ட ஊரில் இருந்து, பிறர் வீட்டுக் கல்யாணப் படங்களைப் பொறுப்பேற்கும் ஒரு பிள்ளையின் கையில், பிரதி எடுக்கச் சொல்லிக்கொடுக்காமல் கணினியைக் கொடுத்தவர்களை நான் இலகுவில் மன்னிக்கமாட்டேன். அந்தக் கல்யாண வீட்டார் அவரைத் திட்டி அனுப்பிய குரற்பதிவை அவர் எனக்குப் போட்டுக் காட்டவில்லை. கேட்டதாக மட்டும் சொன்னார். வாடிக்கையாளரின் தரவுக்கு வியாபாரி பொறுப்பு என்ற எண்ணம் சட்டத்திலும் வந்துவிட்டது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியிருக்கிறது. அதைப் பற்றியும் எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

கொடுப்பவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. பத்துக் கணினிக்குப் பணமிருந்தால் எட்டைக் கொடுங்கள். மிச்சம் இரண்டின் விலையை ஒதுக்கி வையுங்கள். அந்தப் பணத்தில் எட்டுப் பேருக்கும் வெளி வன்தட்டு ஒவ்வொன்று, இரண்டு வருடம் கழித்து யூ.பி.எஸ். பற்றரி ஒவ்வொன்று, மாதம் ஒரு தடவை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் ஒரு திருத்துநருக்கு எரிபொருளும் கூலியும். மாட்டுக்கு ஊசி போட வைத்தியர் மோட்டார் சைக்கிளில் வருவதில்லையா? அதே மாதிரித்தான். எண்ணிக்கை குறைந்துவிடும், அறிக்கை மெலிந்துவிடும் என்று அஞ்சுவீர்கள். மெலியட்டும்.

ஆளும் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1 இலிருந்து தனிப் பல்கலைக்கழகம். அங்கிருந்து வெளியேறும் பிள்ளைகளில் கொழும்புக்குப் போகாமல் நிற்பவர்களும் உண்டு. கிளிநொச்சிச் சந்தையைச் சுற்றித் தொலைபேசித் திருத்தும் கடைகளில் இருக்கும் பையன்களின் கைநுட்பத்தைப் பார்த்தவர்களுக்கு, பழுது பார்க்க ஆளில்லை என்ற பேச்சு எடுபடாது. அவர்களில் ஒருவரிடம் இக்கட்டுரைக்காக விசாரித்தேன். புதுக்குடியிருப்புக்கு மாதம் ஒரு தடவை வந்து எட்டுக் கணினிகளைப் பார்க்க என்ன கேட்பாய் தம்பி என்றேன். ஒரு திறப்பு விழாவின் பதாகைக்குக் கொடுக்கும் காசு அண்ணை, அதைத் தந்தால் மூன்று மாதம் வருவேன் என்றார்.